128-இல் இல்லாத பறை

மின்னணு இசைக் கருவிகளின் உலகில் ஒரு பட்டியல் உண்டு. 'ஜெனரல் மிடி' என்று பெயர். கருவி உற்பத்தியாளர்கள் 1991-இல் ஒப்புக்கொண்டு வகுத்த பட்டியல் அது. எந்த நிறுவனத்தின் சவுண்ட் மாட்யூலை வாங்கினாலும் எண் 1 பியானோ, எண் 41 வயலின் என்று ஒரே வரிசையில் 128 ஒலிகள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கருவியில் செய்த பாட்டை வேறொரு கருவியில் போட்டாலும் குழம்பாமல் ஒலிப்பது இதனால்தான்.

இந்த 128-க்குள் யாருக்கெல்லாம் இடம் கிடைத்திருக்கிறது என்று ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். 105 சித்தார். 107 ஷாமிசென், 108 கோட்டோ, இரண்டும் ஜப்பானுடையவை. 109 ஆப்பிரிக்காவின் கலிம்பா. 110 பேக்பைப். 112 ஷெனாய். 124 பறவைச் சத்தம், 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், கடைசியாக 128 துப்பாக்கிச் சுடும் சத்தம். பறை இல்லை.

இதில் சதி எதுவும் இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. மிருதங்கமும் தவிலும் செண்டையும்கூட அதில் இல்லை. விற்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த சந்தையை வைத்துப் பட்டியல் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பின்னாளில் இந்தியச் சந்தைக்கென்று கீபோர்டுகள் வந்தபோது தபலா சேர்ந்தது, மிருதங்கம் சேர்ந்தது. பறையை யாராவது பதிவுசெய்து ஒரு பொத்தானில் வைப்பதற்கு வெகுகாலம் ஆனது. அது யாருடைய பட்டியல் என்ற கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் இருப்பது 1991-இல் வந்த ரோலண்ட் சவுண்ட் கேன்வாஸ், எஸ்சி-55. இசைக்குழுவைக் கலைத்துவிட்ட ஓர் அண்ணன் தன் கீபோர்டோடு சேர்த்துப் படிப்பகத்துக்குக் கொடுத்தார். விழுப்புரம் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நாலைந்து பேர் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஏப்ரல் 14-க்குப் பிள்ளைகள் பாட்டும் நாடகமும் போடுவார்கள். பறை வேண்டும். காலனியில் பறை இருக்கிறது, அடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடிக்க மாட்டார்கள்.

அந்தக் கதையை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஊர்க்காரர் வீட்டில் சாவு விழுந்தால் ஆள் வந்து கூப்பிடும், போயே தீர வேண்டும், கூலி சோறும் சாராயமும். ஒரு தலைமுறை கூடிப் பேசி, இனி போவதில்லை என்று முடிவெடுத்து, மேளங்களைப் பரணில் ஏற்றியது. அதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள், வேலையை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படி நடந்திருக்கிறது. மறுத்ததற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், அதே பறையை விடுதலையின் இசையாக மேடைக்குக் கொண்டு வந்தவர்களும் நம்மவர்கள்தான். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடித்தார்கள். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் மேடையேறியது. மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதையெல்லாம் எங்கள் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். பரணைப் பார்த்தால் தாத்தாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை.

அதனால் பெட்டியில் பறையைச் செய்து பார்ப்போம் என்று பிள்ளைகள் சொன்னபோது எங்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பெட்டியை யாரும் சாவுக்குக் கூப்பிட மாட்டார்கள் அல்லவா.

பறையின் சத்தத்தில் குறைந்தது மூன்று பங்கு இருக்கிறது. வலது கையின் அடிக்குச்சி தோலின் நடுவில் விழும்போது வரும் முழக்கம். இடது கையின் சிண்டுக்குச்சி, நீளமான மெல்லிய மூங்கில், சுளீரென்று அறைவது. இரண்டுக்கும் பின்னால் தோல் அதிர்ந்து நிற்கும் சின்ன ரீங்காரம். மாட்யூலில் இந்த மூன்றையும் மூன்று பார்ட்டில் தேடினோம். முழக்கத்துக்கு 117, டைகோ. அப்படியே வைத்தால் கோயில் மணிக்கூண்டுக்குள் யானை நடப்பதுபோல் இருக்கும். பன்னிரண்டு அரைச் சுரம், அதாவது ஒரு ஸ்தாயி, மேலே ஏற்றினோம். பதிவை வேகமாக ஓட்டித்தான் சுருதி ஏற்றுகிறது என்பதால் சத்தம் தானாகவே குட்டையாகி விறைப்பும் வந்துவிட்டது. சுளீருக்கு 116, உட்பிளாக். ரீங்காரத்துக்கு 118, மெலடிக் டாம், அளவைப் பாதியாகக் குறைத்து.

மூன்று பார்ட்டையும் ஒரே மிடி சேனலில் கேட்க வைத்துவிட்டால், ஒரு கட்டையைத் தட்டினால் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். லேயரிங் என்பது இவ்வளவுதான். ஒரு சின்னச் சூட்சுமம்: கருவி எண்ணும் சுருதி மாற்றமும் சேனலைப் பார்த்துத்தான் போகும், மூன்றும் ஒரே சேனலில் இருந்தால் மூன்றும் ஒன்றுபோல மாறிவிடும். ஆகவே முதலில் தனித்தனிச் சேனலில் வைத்து ஒவ்வொன்றையும் சரிசெய்துவிட்டு, கடைசியில் சேனலை ஒன்றாக்க வேண்டும்.

டைகோவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 117-ஐ அழுத்தினால் வருவது வெறும் 'ஜப்பானிய முரசு' இல்லை. அந்த முரசுக்கு மாட்டுத்தோல் பதனிட்டு, இழுத்துக் கட்டி, ஆணியடித்துத் தந்தவர்களில் பெரும்பாலோர் புராகுமின் மக்கள். செத்த மாட்டைத் தொடுவது தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டு, பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவர்கள். 1871-இல் அரசு ஆணை போட்டு அந்த இழிநிலையை ஒழித்தது. ஆணையில் ஒழிந்தது கல்யாணப் பேச்சிலும் வேலை தேடும் இடத்திலும் ஒழியவில்லை. 1922-இல் அவர்கள் 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கோயில் விழாவில் டைகோ அடிப்பவர்களுக்கு மரியாதை, அதைச் செய்தவர்களுக்குத் தீட்டு: இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? ஒசாகாவின் நானிவா பகுதி தோல் தொழிலுக்கும் டைகோ செய்வதற்கும் பேர்போன புராகு குடியிருப்பு. அங்குள்ள இளைஞர்கள் 1987-இல், செய்வது நாம், அடிப்பதும் நாமாக இருப்போம் என்று ஒரு முரசுக் குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் 'இகாரி'. கோபம் என்று பொருள்.

ரோலண்ட் நிறுவனம் 1972-இல் தொடங்கப்பட்டதும் அதே ஒசாகாவில்தான். இரண்டுக்கும் முடிச்சுப் போட எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை, போடவும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது பத்தாம் வகுப்பு படிக்கும் பெண், "அப்ப நாம வேற யாரோட மேளத்தயும் எடுக்கல, நம்ம சொந்தக்காரங்களதுதான்" என்றாள். சமூகவியல் முதுகலையில் நாங்கள் படித்த ஒப்பீட்டு ஆய்வுகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஒரு மேளம் கிடைத்துவிட்டது. ஆனால் பறை தனியாக அடிப்பதில்லை, செட்டாக அடிப்பது. நான்கு பேராவது வேண்டும். ஆகவே அதே மூன்று அடுக்கையும் நான்கு முறை நகலெடுத்தோம்: நான்கு ஆள், ஆளுக்கு மூன்று பார்ட், மொத்தம் பன்னிரண்டு. மாட்யூலில் இருப்பதே பதினாறு பார்ட்தான். நான்கையும் சேர்த்து அடித்தால் சத்தம் பெரிதானது. அவ்வளவே. ஒரே அலையை ஒரே நேரத்தில் இரண்டு முறை வைத்தால் அலை இரட்டிப்பாகும். ஒலி அளவில் ஆறு டெசிபல் கூடும். வால்யூமைத் திருகினாலே கிடைக்கக்கூடியது அது.

பரணில் மேளம் ஏற்றிய தலைமுறையைச் சேர்ந்த ஒரு தாத்தா வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்காததுபோல இருந்தார் என்று சொல்வதே சரி. நாலாவது நாள் அவரே வாயைத் திறந்தார்.

"என்னாடா, ஒத்த ஆளே எட்டுக் கையை வச்சிக்கினு அடிக்கிற மாரி இருக்குது?"

"நாலு பேரு தாத்தா. நாலு மேளம் போட்டிருக்கோம்."

"நாலு மேளம் எங்க இருக்குது? ஒண்ணுதான் இருக்குது. ஒண்ணு இப்பதான் நெருப்புல காட்டினதா இருக்கும், ஒண்ணு எறங்கிப் போயிருக்கும். ஒருத்தன் முந்துவான், ஒருத்தன் இழுப்பான். அது செட்டு."

தோல் மேளம் தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம். மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத்தோல். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகும், சுருதி ஏறும். அடிக்க அடிக்க, பனி பட பட, தளர்ந்து இறங்கும். எந்த இரண்டு மேளமும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஊர்வலத்தில் செட்டு நிற்கும் இடத்திலெல்லாம் வைக்கோலைக் கொளுத்துவது அதற்காகத்தான். அப்போதும் நான்கும் அச்சு அசலாகச் சேராது. சேரவும் கூடாது.

டீட்யூன் என்று மாட்யூல்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு சுரத்தோடு, எட்டு சென்ட் ஏற்றிய அதே சுரத்தைச் சேர்த்தால் அது 442-க்குப் பக்கத்தில் ஒலிக்கும். இரண்டும் சேர்ந்தும் விலகியும் விநாடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். காது அதை இரண்டு சுரமாகக் கேட்பதில்லை, அகலமான ஒரே சுரமாகக் கேட்கிறது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு இரண்டு ரீடு இருந்து, இரண்டும் மயிரிழை விலகியிருந்தால் வரும் நிறைவு இதுதான். பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பிகள். அவையும் முழுக்க ஒன்றாய் இருப்பதில்லை. பாலித் தீவின் கமலான் குழுக்களில் கருவிகளை இரட்டை இரட்டையாகச் செய்து, ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தி, வேண்டுமென்றே அந்த அலையை வரவழைக்கிறார்கள். 'சுருதி சேரவில்லை' என்பது நம் பக்கத்தில் ஒரு வசவு. எங்கள் தெருப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் பலர் சொன்ன வசவும் அதுவே. உலகத்தில் பாதிப் பேர் அந்தச் சேராமையை உழைத்துச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு சென்ட் வைத்துப் பார்த்தோம். மேளத்தில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் யோசித்தால் எளிது. வயலின் போல நீண்டு நிற்கும் சுரம் என்றால் அலையடிக்க நேரம் இருக்கிறது. மேளத்தின் முழக்கம் கால் விநாடியில் செத்துவிடுகிறது. 300 ஹெர்ட்ஸ் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் எட்டு சென்ட் என்பது விநாடிக்கு ஒன்றரை அலைகூட இல்லை. முதல் அலை முடிவதற்குள் சத்தமே முடிந்துபோகிறது. நாற்பது சென்ட் விலக்கினால் விநாடிக்கு ஏழு அலை, கால் விநாடிக்குள் கிட்டத்தட்ட இரண்டு. அங்கேதான் 'நாலு மேளம்' கேட்கத் தொடங்கியது. ஒன்று நடுவில், ஒன்று 38 மேலே, ஒன்று 27 கீழே, நான்காவது 55 கீழே. சமமான இடைவெளி வேண்டாம் என்று தாத்தாவைக் கேட்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

முந்துவதும் இழுப்பதும் அடுத்த வேலை. நான்கு ஆளையும் நான்கு சேனலில் பிரித்தோம். மிடி கம்பியில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. அந்த இடைவெளி காதுக்குப் போதாது. பத்து, பதினைந்து மில்லி விநாடி தள்ளினால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு தள்ளினால் மறுபடியும் இயந்திரம்தான். அதைச் சில இடத்தில் கூட்டி, சில இடத்தில் குறைத்து, இரண்டு வாரம் போனது.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரே நேரத்தில் 24 குரல்தான் எழுப்பும். ஒரு பார்ட்டுக்கு ஒரு குரல் என்று வைத்தாலும், நான்கு ஆளும் சேர்ந்து ஒரு அடி அடித்தால் பன்னிரண்டு குரல் போய்விடும். இரண்டாவது அடியில் 24. மூன்றாவது அடிக்கு முதல் அடியின் தொண்டையை நெரித்துத்தான் இடம் கொடுக்கும். வேகமான அடி வந்தால் ரீங்காரம் வெட்டுப்படும். இரண்டு ஆளுக்கு மட்டும் ரீங்காரப் பார்ட்டை எடுத்துவிட்டோம். அவர்கள் மேளம் தளர்ந்துபோன மேளம் என்று பிள்ளைகள் அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள்.

வகுப்பறையில் 'அடுக்கு' என்ற சொல்லை நாங்கள் ஒரே பொருளில்தான் படித்தோம்: மேலே ஒருவர், கீழே ஒருவர். மாட்யூலில் அடுக்குக்கு மேல் கீழ் கிடையாது, எல்லாம் ஒரே நொடியில். இதை வைத்துப் பெரிய தத்துவம் பேச வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கூட்டங்களில், 'உட்பிரிவுப் பேச்சை விடுங்கள், பெண்கள் பேச்சை அப்புறம் பார்க்கலாம், எல்லோரும் ஒரே குரலில் பேசுங்கள்' என்று சொல்லும் தோழர்களுக்கு, தாத்தா சொன்னதையே இப்போது பதிலாகச் சொல்கிறோம். நான்கு மேளம் எங்கே இருக்கிறது, ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்துத் தெரு அருந்ததியர் பெண் பேசுவது உங்கள் சுருதியில் இல்லை என்றால், உங்களிடம் கூட்டமே இல்லை, வால்யூம் இருக்கிறது.

போன மாதம் ஒரு சிக்கல் வந்தது. ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பேசப்பட்ட ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர், யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, அந்த 'பறை செட்டிங்'கைக் கேட்டு வந்தார். கொடுப்பது மிக எளிது. எண்களும் கட்டளைகளும் மிடி பாட்டின் முதல் அடியில் இருக்கின்றன, எல்லாம் சேர்த்து ஒரு கிலோபைட்கூட வராது. போனில் அனுப்பிவிடலாம். நல்ல மனிதர், பணமும் தருவதாகச் சொன்னார்.

அந்தத் தேர் காலனித் தெருவுக்குள் வருவதில்லை.

ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவன், கொடுத்துவிடலாம் என்றான். இத்தனை நாள் நம் சத்தத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை, இப்போது வாங்குகிறார்கள், நம் பெயரைப் போடச் சொல்வோம் என்பது அவன் வாதம். பத்தாம் வகுப்புப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "தாத்தாவ உள்ள விட மாட்டாங்க, தாத்தா சத்தத்த மட்டும் உள்ள விடுவாங்களா, அண்ணா?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெட்டிக்குக் கூலி எவ்ளோடா?"

யாருக்கும் புரியவில்லை. கீபோர்டுக்காரருக்குக் கூலி உண்டு, பாடுபவருக்கு உண்டு, மைக்செட்டுக்கு உண்டு. மேளம் அடிக்கிற பெட்டிக்கு?

"இல்ல தாத்தா."

"நாங்களும் அப்டித்தான் அடிச்சோம்."

செட்டிங்கைக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் நான்கு பேரை வாசிப்பவர்களாக மேடையேற்றி, மற்றக் கலைஞர்களுக்குத் தரும் கூலியைத் தந்து, தேரும் எங்கள் தெருவுக்கு வருவதென்றால் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை.

ஏப்ரல் 14 ஒத்திகை நடக்கிறது. தாத்தா பரணிலிருந்து ஒரு மேளத்தை இறக்கிவிட்டார். காலனிக்குள் மட்டும்தான் அடிப்பேன், ஊர்க்காரன் எவனாவது படம் எடுத்தால் எழுந்து போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு. ஆகவே இப்போது மாட்யூலில் மூன்று ஆள், நான்காவது ஆள் அவர். புதுத் தொல்லை ஒன்று முளைத்திருக்கிறது. அவருடைய தோல் பாட்டுக்குப் பாட்டு இறங்குகிறது, பெட்டி இறங்குவதில்லை. மாட்யூலின் மாஸ்டர் ட்யூனைக் குறைத்தால் மூன்று மேளத்துக்கும் இடையிலான விலகல் கெடாமல் மொத்தமாகக் கீழே வரும். பாட்டின் சுரமெல்லாம் கீபோர்டின் சொந்த ஒலியில் வருவதால் அதற்குப் பாதிப்பு இல்லை. அந்தப் பொத்தானுக்குப் பொறுப்பு பத்தாம் வகுப்புப் பெண். மூன்றாவது பாட்டுக்குள் 440-இலிருந்து 435 பக்கம் கொண்டுபோகிறாள். தாத்தா எழுந்து நெருப்புக்குப் போய் வந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்று அவரிடம் கேட்டால், அடித்துக் காட்டுவாரே தவிர எண் சொல்ல மாட்டார்.